வினை நினைத்த வேகத்தில் நடக்கவில்லையா? அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடிக்கலாம்

வினைவேகத்தைப் பாதிக்கும் காரணிகளைப் பாடப்புத்தகம் ஒரே பக்கத்தில் முடித்துவிடும்: வினைபடுபொருளின் தன்மை, செறிவு, வெப்பநிலை, புறப்பரப்பு, வினையூக்கி, வாயுக்களானால் அழுத்தம், சில வினைகளுக்கு ஒளி. தேர்வுக்கு அது போதும். ஆய்வக மேசைக்கு வந்தால்தான் தகராறு. செறிவை மட்டும்தான் மாற்றினோம் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம். சத்தமில்லாமல் வெப்பநிலையும் மாறியிருக்கும், கரைசலின் மொத்த அளவும் மாறியிருக்கும். கீழே வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த வகைதான். ஆகவே எந்த அறிகுறியாக இருந்தாலும் முதல் கேள்வி இது: நான் மாற்றியது தவிர வேறு எது மாறியது?

உங்கள் அறிகுறியைக் கண்டுபிடித்து நேராக அந்தப் பகுதிக்குப் போகலாம். வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை.

ஒரே அளவு, ஒரே கரைசல். ஆனால் ஒவ்வொரு தடவையும் வேறு நேரம் காட்டுகிறது

சோடியம் தயோசல்பேட்டோடு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சேர்த்து, குடுவைக்கு அடியில் வரைந்த பெருக்கல் குறி எப்போது மறைகிறது என்று பார்க்கும் சோதனையில் அடிக்கடி வரும் புகார் இது. கந்தகம் நுண்துகளாகப் பிரிந்து கரைசலைக் கலங்கலாக்குகிறது. அந்தக் கலங்கல்தான் நமக்குக் கடிகாரம்.

முதலில் வெப்பமானியை எடுங்கள். கிளர்வு ஆற்றல் (வினை நடக்க மூலக்கூறுகள் தாண்ட வேண்டிய ஆற்றல் தடை) மோலுக்கு 50 கிலோஜூல் அளவில் உள்ள ஒரு வினையில், அறை வெப்பநிலைக்குப் பக்கத்தில் 1 டிகிரி ஏறினால் வேகம் ஏறக்குறைய 7 சதவீதம் கூடும். 3 டிகிரி வித்தியாசம் இருந்தால் 60 வினாடியில் முடிய வேண்டியது 49 வினாடியில் முடிந்துவிடும். காலையில் முதல் வாசிப்பு, வெயில் ஏறிய பிறகு கடைசி வாசிப்பு, நடுவில் யாரோ சன்னலைத் திறந்தார்கள் என்றால் இந்த 3 டிகிரி எங்கிருந்து வந்தது என்று தேடவே வேண்டாம். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் கலவையின் வெப்பநிலையைக் குறித்து வையுங்கள். அறையின் வெப்பநிலையை அல்ல, கலவையின் வெப்பநிலையை.

வெப்பநிலை சரியாக இருந்தும் எண்கள் ஆடினால், அடுத்த சந்தேகம் குடுவை. முந்தைய ஓட்டத்தின் கந்தகம் கண்ணாடியில் மெல்லிய படலமாக ஒட்டியிருக்கும். கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது, ஆனால் குறி சீக்கிரம் மறைந்துவிடும். பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். சும்மா நீரில் அலசினால் போகாது. அதோடு எல்லா ஓட்டத்துக்கும் ஒரே குடுவைதான். அகலமான குடுவையில் கரைசலின் உயரம் குறையும், மேலிருந்து பார்க்கும்போது கலங்கலின் தடிமனும் குறையும், குறி அதிக நேரம் தெரியும். வேதியியலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

அப்புறம் கண். குறி "மறைந்துவிட்டது" என்று ஒருவர் சொல்லும் இடத்தில் இன்னொருவர் "இன்னும் தெரிகிறது" என்பார். ஒரு குழுவில் நான்கு பேர் இருந்தால், ஒருவரே எல்லா ஓட்டங்களையும் பார்க்கட்டும். அமிலத்தைக் கடைசியில், ஒரே மூச்சில் ஊற்றுங்கள். பாதி ஊற்றியபோது ஸ்டாப்வாட்ச்சை அழுத்துவது நல்ல வழக்கம். ஒரு ஓட்டத்தில் முதல் துளியிலும் அடுத்ததில் கடைசித் துளியிலும் அழுத்தினால், 15 வினாடியில் முடியும் ஓட்டங்கள் எதற்கும் உதவாது.

அமிலத்தின் செறிவை இரட்டிப்பாக்கினேன், நேரம் அசையவே இல்லை

அதே தயோசல்பேட் சோதனை. பலர் இதைத் தவறு என்று நினைத்து வாசிப்புகளை அடித்துவிட்டு மறுபடி செய்கிறார்கள். தயவுசெய்து அடிக்காதீர்கள். இந்த வினை தயோசல்பேட்டின் செறிவைத் தெளிவாகப் பின்தொடரும். அமிலம் போதிய அளவுக்கு இருந்துவிட்டால் அதன் செறிவு கூடுவது வேகத்தை அவ்வளவாகத் தொடாது. சமன்பாட்டில் ஒரு பொருள் இருக்கிறது என்பதாலேயே வேகம் அதன் செறிவைச் சார்ந்திருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பல படிகளில் நடக்கும் வினையில் மிக மெதுவான படிதான் மொத்த வேகத்தை முடிவு செய்யும். வேகம் எந்தப் பொருளின் செறிவை எந்த அளவுக்குப் பின்தொடர்கிறது என்பதைச் சோதனைதான் சொல்ல வேண்டும், சமன்பாடு சொல்லாது.

ஒன்றை மட்டும் சரிபாருங்கள். அமிலத்தின் செறிவைக் கூட்டினீர்களா, அல்லது அதே அமிலத்தை இரண்டு மடங்கு ஊற்றினீர்களா? இரண்டாவது என்றால் தயோசல்பேட் நீர்த்துப்போய் நேரம் கூடியிருக்கும். அது அமிலத்தின் விளைவு இல்லை.

உலோகத்தைப் போட்டேன், ஒன்றுமே நடக்கவில்லை

உலோகத்தின் மேற்பரப்பைப் பாருங்கள். மெக்னீசிய நாடா மங்கலாக, சாம்பல் பூத்தாற்போல் இருந்தால் அது ஆக்சைடு. உப்புத்தாளால் பளபளக்கும்வரை தேயுங்கள். எடை போடுவது தேய்த்த பிறகுதான்.

அலுமினியம் இன்னும் அழுத்தமான ஆள். வினைத்திறன் வரிசையில் தாமிரத்துக்கு வெகு மேலே இருக்கிறது, ஆனாலும் தாமிர சல்பேட் கரைசலில் போட்டால் நெடுநேரம் சும்மா கிடக்கும். ஆக்சைடுப் படலம் கவசமாக நிற்கிறது. ஒரு சிட்டிகை சோடியம் குளோரைடு சேர்த்துப் பாருங்கள். குளோரைடு அயனி அந்தப் படலத்தை உடைத்து வழி திறந்துவிடும். சற்று நேரத்தில் செந்நிறத் தாமிரம் படியும், கரைசல் சூடாகும், குமிழிகளும் வரும். நிறைய அலுமினியம் போட்டிருந்தால் சூடு கைக்கு எட்டும் அளவுக்கு ஏறும், கவனம்.

துத்தநாகம் வேறு கதை. மிகத் தூய்மையான துத்தநாகம் நீர்த்த அமிலத்தில் சோம்பலாகவே வினைபுரியும். தூய்மை கூடக்கூட வேகம் கூடும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு இது ஏமாற்றம்தான். சில துளி தாமிர சல்பேட் விட்டால் துத்தநாகத்தின் மேல் தாமிரம் ஆங்காங்கே படிந்து நுண்ணிய மின்கலங்கள் உருவாகும். ஹைட்ரஜன் தாமிரப் புள்ளிகளில் எளிதாக வெளியேறும், வேகம் கூடும். இதை வினையூக்கி என்று எழுதுவது வழக்கம். தாமிர சல்பேட்டே துத்தநாகத்தோடு வினைபுரிந்து தீர்ந்துவிடுவதால் கறாராகப் பார்த்தால் அந்தப் பெயர் பொருந்தாது. வேலை செய்வது படிந்த தாமிரம்தான். துளிகளோடு நிறுத்துங்கள். தாராளமாக ஊற்றினால் துத்தநாகம் முழுக்கத் தாமிரம் மூடி, அமிலம் உள்ளே போக வழியில்லாமல் நின்றுவிடும்.

நன்றாகத்தான் தொடங்கியது, பாதியில் நின்றுவிட்டது

அமிலம் தீர்ந்ததா, திண்மம் தீர்ந்ததா என்று முதலில் கணக்குப் பாருங்கள். 0.06 கிராம் மெக்னீசியம் அறை வெப்பநிலையில் சுமார் 60 மி.லி. ஹைட்ரஜன் தரும். அதற்கு 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 5 மி.லி. இருந்தாலே போதும். ஆனால் சரியாக 5 மி.லி. வைத்தால் வினை போகப்போக அமிலத்தின் செறிவு சரிந்து, கடைசிப் பகுதி நொண்டும். வேகத்தை அளக்க வேண்டுமானால் 20 மி.லி.யாவது வையுங்கள்.

திண்மமும் அமிலமும் மிச்சம் இருந்தும் நின்றுவிட்டதா? அப்படியானால் வினைவிளைபொருளே தடுப்புச் சுவர் எழுப்பியிருக்கிறது. பளிங்குத் துண்டை நீர்த்த கந்தக அமிலத்தில் போட்டால் முதலில் பொங்கும், பிறகு அடங்கிவிடும். கால்சியம் சல்பேட் நீரில் அரைகுறையாகவே கரையும், அது துண்டின் மேல் ஓடு மாதிரி படிகிறது. அமிலத்தைக் கூட்டிப் பயனில்லை. ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கு மாறுங்கள். கால்சியம் குளோரைடு நன்றாகக் கரைந்துவிடும்.

தொடக்கத்தில் படுத்துக் கிடக்கிறது, பிறகு திடீரென்று ஓடுகிறது

செறிவு தொடக்கத்தில்தானே அதிகம், அப்போதுதானே வேகமும் உச்சத்தில் இருக்க வேண்டும்? நியாயமான கேள்வி. மூன்று விதமாக இது நடக்கலாம்.

உலோகமானால் மேலே சொன்ன ஆக்சைடுப் படலம். அது கரையும்வரை தாமதம்.

வெப்பம் உமிழும் வினையானால், வினையே கரைசலைச் சூடாக்கி, அந்தச் சூடே வேகத்தைக் கூட்டும். மெக்னீசியமும் அமிலமும் சேரும்போது சிறு சோதனைக்குழாயில் இது நன்றாகத் தெரியும். கரைசலின் அளவைக் கூட்டினாலோ பெரிய நீர்த் தொட்டிக்குள் குழாயை வைத்தாலோ விளைவு அடங்கும்.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. ஆக்சாலிக் அமிலத்தைப் பொட்டாசியம் பர்மாங்கனேட்டால் தரம்பார்க்கும்போது (துளித்துளியாகச் சேர்த்து அளவிடும்போது) முதல் துளியின் ஊதா நிறம் போகவே போகாது. மாணவர் அவசரப்பட்டு இன்னும் நாலு துளி விடுவார். பிறகு எல்லாம் ஒரே நொடியில் வெளுத்துப்போகும், அதன்பின் ஒவ்வொரு துளியும் விழுந்த வேகத்தில் நிறமிழக்கும். வினையில் உண்டாகும் மாங்கனீசு அயனியே அந்த வினைக்கு வினையூக்கி. தன்வினையூக்கம் என்று இதைச் சொல்வார்கள். முதல் துளி விழும்போது குடுவையில் வினையூக்கி இல்லை. அது பிறந்த பிறகுதான் ஓட்டம். 1860-களில் ஹார்கோர்ட், எஸ்ஸன் என்ற இருவர் இதே வினையை வைத்து வேகத்துக்கும் செறிவுக்கும் உள்ள உறவை ஆராய்ந்தார்கள், மாங்கனீசு உப்பின் இந்தக் குறும்பு அவர்களையும் விடவில்லை.

தீர்வு சுலபம். கரைசலை 60 டிகிரிக்குச் சூடாக்குங்கள், முதல் சில துளிகளை விட்டுவிட்டு நிறம் போகும்வரை காத்திருங்கள். இதுதான் காரணமா என்று உறுதிப்படுத்த, இன்னொரு குடுவையில் கொஞ்சம் மாங்கனீசு சல்பேட் சேர்த்துவிட்டுத் தொடங்குங்கள். முதல் துளியே சட்டென்று வெளுக்கும். கொதிக்கவிடாதீர்கள், ஆக்சாலிக் அமிலமே சிதைய ஆரம்பிக்கும். இடையில் பழுப்பு நிறம் வந்தால் கூடச் சேர்க்கும் நீர்த்த கந்தக அமிலம் போதவில்லை, மாங்கனீசு டை ஆக்சைடு உருவாகிறது என்று அர்த்தம்.

வினையூக்கி போட்டேன், வாயுவின் அளவு கூடவில்லை

கூடாது. கூடினால்தான் பிழை. வினையூக்கி கிளர்வு ஆற்றல் குறைந்த வேறொரு பாதையைத் திறந்துவிடுகிறது, அவ்வளவுதான். 20 கன அளவு (தன் அளவைப் போல் 20 மடங்கு ஆக்சிஜன் தரும்) என்று எழுதியிருக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு 5 மி.லி. எடுத்தால், திட்ட வெப்ப அழுத்த நிலையில் கணக்கிட்டு 100 மி.லி. ஆக்சிஜன் வரும். மாங்கனீசு டை ஆக்சைடு போட்டால் அது சில நிமிடங்களில் வரும், போடாவிட்டால் மிக மிக மெதுவாகத்தான் வரும். வேகம் வேறு, அளவு வேறு. ஒரே செறிவும் ஒரே கன அளவும் கொண்ட ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் அசெட்டிக் அமிலத்தையும் ஒப்பிடும்போதும் இதே குழப்பம் வரும். இரண்டாவது மெதுவாகத்தான் நகரும், உலோகம் போதிய அளவு இருந்தால் கடைசியில் வரும் வாயு இரண்டிலும் ஒன்றே.

100 மி.லி. வர வேண்டிய இடத்தில் 60 தான் வந்தது என்றால் பெராக்சைடு பழையது. வெளிச்சமும் சூடும் அதைத் தானாகவே சிதைத்துக்கொண்டிருக்கும், பழுப்பு நிறப் புட்டி அதற்காகத்தான். அல்லது தக்கையைச் செருகுமுன் முதல் குமிழிகள் தப்பியிருக்கும்.

வினையூக்கி நொதியாக இருந்தால் சூடாக்கி வேகம் பார்க்கலாம் என்று போகாதீர்கள். ஓரளவுக்கு மேல் சூடானால் புரதத்தின் வடிவம் குலைந்து, வேகம் ஏறுவதற்குப் பதில் சரிந்துவிடும். குளிரவைத்தாலும் பெரும்பாலும் திரும்பாது.

தூள், கட்டி இரண்டுக்கும் ஒரே நேரம் ஆகிறது

1 செ.மீ. பக்கமுள்ள கனசதுரத்தின் புறப்பரப்பு 6 சதுர செ.மீ. அதை 1 மி.மீ. கனசதுரங்களாக வெட்டினால் ஆயிரம் துண்டு, மொத்தம் 60 சதுர செ.மீ. பத்து மடங்கு. இவ்வளவு வித்தியாசம் கண்ணில் படாமல் போகிறது என்றால் தூள் உண்மையில் தூளாக இல்லை. நனையாமல் மேலே மிதக்கிறது, அல்லது கட்டிகட்டியாகத் திரண்டு அடியில் உட்கார்ந்திருக்கிறது. கலக்கிவிட்டுக்கொண்டே இருங்கள்.

கால்சியம் கார்பனேட்டில் இன்னொரு பொறி உண்டு. தூள் ஓட்டம் அவ்வளவு வேகமாகப் பொங்கும், தக்கையைப் போடுவதற்குள் பாதி வாயு போய்விடும். மீதியைத்தான் அளக்கிறீர்கள். திண்மத்தைச் சிறு குழலில் வைத்துக் குடுவைக்குள் நிறுத்தி, மூடிய பிறகு சாய்த்துக் கொட்டுவது பழைய, நல்ல உத்தி. கார்பன் டை ஆக்சைடை நீருக்கு மேல் சேகரிப்பதும் கைகொடுக்காது: 25 டிகிரியில் ஒரு லிட்டர் நீர் ஏறக்குறைய முக்கால் லிட்டர் கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொள்ளும். வாயு ஊசியை (வாயுவின் அளவைக் காட்டும் பெரிய சிரிஞ்சை) பயன்படுத்துங்கள், இல்லாவிட்டால் தராசின் மேல் குடுவையை வைத்து எடை குறைவதைக் குறியுங்கள். 1 கிராம் கால்சியம் கார்பனேட் முழுதும் வினைபுரிந்தால் 0.44 கிராம் குறையும். குடுவையின் வாயில் பஞ்சு வைக்க மறந்தால் தெறிக்கும் அமிலமும் எடையிழப்பில் சேர்ந்துவிடும்.

அயோடின் கடிகாரத்தில் நீலம் வரவே இல்லை, அல்லது உடனே வந்துவிட்டது

பெராக்சைடு, அயோடைடு, அமிலம், கொஞ்சம் தயோசல்பேட், ஸ்டார்ச்சு. உருவாகும் அயோடினைத் தயோசல்பேட் விழுங்கிக்கொண்டே இருக்கும். அது தீர்ந்த கணத்தில் நீலம்.

வரவே இல்லையென்றால் தயோசல்பேட் அதிகம் அல்லது பெராக்சைடு செத்துப்போனது. பெராக்சைடின் மோல்கள் தயோசல்பேட்டின் மோல்களில் பாதியைத் தாண்டியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் எத்தனை மணி நேரம் காத்திருந்தாலும் நீலம் வராது. கரைசல் மஞ்சளாகிவிட்டது ஆனால் நீலம் இல்லை என்றால் ஸ்டார்ச்சு பழையது. அன்றைக்குக் காய்ச்சியதைப் பயன்படுத்துங்கள். அல்லது கரைசல் மிகச் சூடாக இருக்கிறது. ஸ்டார்ச்சு அயோடின் நீலம் சூட்டில் மறையும், ஆறினால் திரும்பும்.

உடனே வந்துவிட்டால் தயோசல்பேட் இல்லை. ஊற்ற மறந்திருப்பீர்கள். மறக்கவில்லை என்று சத்தியம் செய்பவர்களிடம் நான் கேட்பது: அமிலத்தோடு முன்கூட்டியே கலந்து வைத்தீர்களா? முதல் சோதனையில் பார்த்தோமே, அமிலத்தில் தயோசல்பேட் கந்தகமாகச் சிதையும்.

வரைபடம் நேர்கோடாக வரவில்லை

கிடை அச்சில் செறிவு, நிலை அச்சில் நேரம் என்று போட்டிருந்தால் வளைகோடுதான் வரும், அது சரிதான். வேகத்துக்கு நேரம் தலைகீழ். 1-ஐ நேரத்தால் வகுத்த எண்ணைப் போடுங்கள்.

அப்படிப் போட்டும் வளைந்தால் மொத்தக் கன அளவைப் பாருங்கள். தயோசல்பேட் 50, 40, 30, 20, 10 மி.லி. என்று குறைத்தால் நீர் 0, 10, 20, 30, 40 என்று ஏற வேண்டும். நீரை விட்டுவிட்டால் செறிவு கிட்டத்தட்ட மாறவே இல்லை, கரைசலின் உயரம்தான் மாறியது.

வெப்பநிலையைக் கூட்டினேன், கணக்குப்படி வேகம் கூடவில்லை

"10 டிகிரிக்கு இரண்டு மடங்கு" என்பது விதி அல்ல, தோராயம். கிளர்வு ஆற்றல் 50 கிலோஜூல் அளவில் இருந்தால் 25-லிருந்து 35 டிகிரிக்குப் போகும்போது 1.9 மடங்கு. 100 கிலோஜூல் என்றால் 3.7 மடங்கு. 25 கிலோஜூல் என்றால் 1.4 மடங்குதான். உங்கள் வினை எந்த வகை என்பதைப் பொறுத்தது.

காரணத்தை "மோதல்கள் அதிகமாகின்றன" என்று மட்டும் எழுதினால் அரைகுறை விடை. அந்த 10 டிகிரியில் மோதல்களின் எண்ணிக்கை 2 சதவீதம்கூடக் கூடாது. கிளர்வு ஆற்றலைத் தாண்டும் மூலக்கூறுகளின் பங்குதான் மடங்குக் கணக்கில் ஏறுகிறது. ஸ்வீடன் நாட்டு வேதியியலாளர் அர்ரீனியஸ் 1889-இல் எழுதிய சமன்பாட்டின் சாரம் அதுதான்.

செய்முறைப் பிழை என்று பார்த்தால், ஒரு கரைசலை மட்டும் சூடாக்கியிருப்பீர்கள். 50 டிகிரி தயோசல்பேட்டில் குளிர்ந்த அமிலத்தை ஊற்றினால் கலவை 50-இல் இருக்காது. இரண்டையும் தனித்தனியாக நீர்த் தொட்டியில் வைத்துச் சூடேற்றுங்கள். தொடக்க வெப்பநிலை, முடிவு வெப்பநிலை இரண்டின் சராசரியை எடுங்கள். அர்ரீனியஸ் வரைபடம் கோணலாக வந்தால் செல்சியஸைக் கெல்வினாக மாற்ற மறந்திருக்க வாய்ப்பு அதிகம். வேகத்தின் இயல் மடக்கைக்கும் வெப்பநிலையின் தலைகீழுக்கும் போட்ட கோட்டின் சாய்வு மைனஸ் 6000 கெல்வின் என்று வந்தால், 8.314-ஆல் பெருக்கினால் கிளர்வு ஆற்றல் சுமார் 50 கிலோஜூல்.

தயோசல்பேட் சோதனையில் கந்தக டை ஆக்சைடு வெளியேறும், சூட்டில் இன்னும் அதிகமாக. 55 டிகிரிக்கு மேல் போகாதீர்கள். முடிந்ததும் குடுவையில் உள்ளதைச் சோடியம் கார்பனேட் கரைசலில் கொட்டிவிடுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் குடுவையின் மேல் குனிந்து பார்க்கும் வேலையை வேறொருவருக்குக் கொடுக்கட்டும்.

அழுத்தத்தைக் கூட்டினேன், மாற்றம் இல்லை

வினைபடுபொருளில் வாயு இருக்கிறதா? கரைசலும் திண்மமும் மட்டும் என்றால் சாதாரண அழுத்த மாற்றங்களால் அவற்றின் செறிவு மாறாது. வேகமும் மாறாது.

குளிரவைத்தும் கட்டுக்கு அடங்காமல் பொங்கியது

இந்த ஒரு அறிகுறியை மட்டும் சாவகாசமாகப் படியுங்கள். வெப்பம் உமிழும் வினையை அடக்கப் பனிக்கட்டியில் வைத்துத் துளித்துளியாகச் சேர்ப்பது சரியான முறைதான். ஆனால் மிகவும் குளிர்ந்தால் வினை கிட்டத்தட்ட உறங்கிவிடும். சேர்த்தவர் "ஒன்றும் நடக்கவில்லையே" என்று இன்னும் ஊற்றுவார். வினைபுரியாத பொருள் குடுவையில் குவிந்துகொண்டே போகும். பிறகு லேசாகச் சூடேறினாலும் குவிந்தது முழுவதும் ஒன்றாகப் பற்றிக்கொள்ளும், ஒவ்வொரு டிகிரியும் அடுத்த டிகிரியை இழுத்துவரும். நான் ஒரு தடவை இப்படித்தான் ஒரு குடுவை நுரையைப் புகைபோக்கு அறையின் கூரையில் பார்த்தேன். நல்லவேளை, கண்ணாடிக் கதவு இறக்கியிருந்தது.

முதல் சில துளிகளைச் சேர்த்ததும் வெப்பமானி கொஞ்சமாவது ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறி இறங்கினால் வினை நடக்கிறது, தொடரலாம். அசையவே இல்லையென்றால் சேர்ப்பதை நிறுத்துங்கள். பனிக்கட்டித் தொட்டியை அகற்றிச் சூடாக்கிப் பார்க்கும் ஆசை வரும், அது வேண்டாம். குளிரில் வைத்தபடியே கலக்கிக்கொண்டு காத்திருங்கள், குடுவையை எந்தக் காரணத்துக்காகவும் மூடாதீர்கள், கதவை இறக்கிவிட்டு ஆசிரியரையோ பொறுப்பாளரையோ கூப்பிடுங்கள்.